கோட்டை விளக்கின் பாதரசம்

எங்க வீட்டுக்காரரின் கல்யாண மோதிரம் வெள்ளையாகிப் போனதைத்தான் நாங்கள் முதல் அதிசயமாக எடுத்துக்கொண்டோம். எங்க நைனா, என்னைப் பெத்த அப்பா, மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அது. ஒரு நாள் மத்தியானம் லைட்ஹவுசிலிருந்து இறங்கி வந்தவர் என் முன்னால் கையை நீட்டினார். மஞ்சளாக இருந்த தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. முந்தானையால் தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

"தங்கத்தையே வெள்ளியாக்கிட்டாரு பாத்தியா மே," என்றார். "ஈசன் தொட்டா இப்படித்தான்."

நான் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவருக்கு லைட்ஹவுசில் அட்டெண்டர் வேலை. சென்ட்ரல் கவர்மெண்ட். எங்கள் ஊர் நகரி. வீட்டில் பவர்லூம் ஓடும். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே எங்கள் சித்தி, "இன்னாடி, மாப்ள சாயங்காலம் ஆனா ஒரு வெளக்கு ஏத்துவாராம், காலையில அணைப்பாராம், அதுக்கு மாசாமாசம் சம்பளமாம். உங்க மாமியார் வீட்ல நீ ஏத்தற வெளக்குக்கு எவன் குடுப்பான்?" என்று கேலி பண்ணினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. விளக்கேற்றுகிற மனுஷன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று நினைத்தேன். அந்த வயசில் அவ்வளவுதான் புத்தி. ஆனாலும் அந்த நினைப்பு பொய்யாகவில்லை.

ஊரின் பேரை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். புலிகாட் ஏரியைத் தாண்டி, இப்போது திருப்பதி ஜில்லாவில் சேர்ந்திருக்கிற கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கிறவர்களின் குப்பம் ஒன்று, சவுக்குத் தோப்பு, அதற்கப்புறம் இடிந்த கோட்டை. கோட்டைக்கு நடுவில் லைட்ஹவுஸ். பக்கத்திலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். கோட்டை என்றால் ராஜா கோட்டை மாதிரி நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ஆள் உயரச் செங்கல் சுவர்தான் மிச்சம். மூலையில் ஒரு பெரிய மேடு, அதன் மேல் மண்ணில் பாதி புதைந்த இரும்புப் பீரங்கி. குப்பத்து ஆடுகள் அதன் மேல் ஏறி நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன.

அந்தக் கோட்டையின் கதையை அவர் நன்றாகச் சொல்லுவார். ஸ்கூல் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தால் அவரைத்தான் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கினது துணிக்காக. உள்நாட்டில் தறி போட்டவர்கள் நெய்த துணியெல்லாம் மாட்டு வண்டியில் இங்கே வந்து, இங்கிருந்து கப்பலேறியது. அந்தத் துணி மூட்டைக்குக் காவலாகத்தான் கோட்டையும் பீரங்கியும் சிப்பாயும். அதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பார். "உங்க ஆளுங்க நெய்ஞ்ச துணிக்குத்தான் இவ்ளோ பெரிய கோட்டை. எங்க மாமனார் அதனாலதான் இன்னும் கெத்தா இருக்காரு" என்பார். பிள்ளைகளுக்குப் புரியாது. டீச்சர்கள் சிரிப்பார்கள்.

முதலில் விளக்கு கோபுரம் எல்லாம் கிடையாதாம். அந்த மேட்டின் மேல் கொடிக்கம்பம். அதில் எண்ணெய் லாந்தரை ஏற்றிக் கட்டுவார்களாம். காற்றடித்தால் அணைந்துபோகும். கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் மணல்திட்டு இருக்கிறது, மேலே தெரியாது. லாந்தர் அணைந்த நாளில் அதில் கப்பல் மோதி நின்றிருக்கிறது. அதற்கப்புறம்தான் கோட்டைச் செங்கல்லையே உடைத்து எடுத்துக் கோபுரம் கட்டினார்கள். தேங்காய் எண்ணெய் போய் மண்ணெண்ணெய் வந்தது, மண்ணெண்ணெய் போய் கரண்டு வந்தது. துறைமுகம் மணல் மூடிப்போனது. துணி போனது, கப்பல் போனது, சிப்பாய் போனான். மணல்திட்டு மட்டும் அங்கேயே இருந்ததால் விளக்கு நின்றது. "எல்லாரும் போயிட்டாங்க, ஆபத்து மட்டும் இருக்குது, அதனால எனக்கு வேலை இருக்குது" என்று முடிப்பார்.

மேலே விளக்கைச் சுற்றி ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டு. ஆள் உயரம். பட்டை பட்டையாக வெட்டின கண்ணாடி. அது சுற்றினால்தான் கடலில் இருப்பவர்களுக்கு விளக்கு விட்டு விட்டுத் தெரியும். எத்தனை மூட்டை அரிசி எடை இருக்குமோ, அவ்வளவு கனம். ஆனால் என்னை முதல் தடவை மேலே கூட்டிப் போனபோது, "ஒத்த வெரலால தள்ளு" என்றார். தள்ளினேன். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

அது பாதரசத்தில் மிதக்கிறது. கூண்டுக்கு அடியில் வட்டமாக ஒரு இரும்புத் தொட்டி, அது நிறைய பாதரசம். அதில் மிதப்பதால்தான் அவ்வளவு கனமும் விரலுக்கு ஆடுகிறது. எட்டிப் பார்த்தால் என் முகம் அதில் தெரிந்தது, கண்ணாடியை விடத் தெளிவாக.

பாதரசம் என்றால் மற்றவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கிற கருவியில் ஏறி இறங்குவது. எங்களுக்கு அப்படி இல்லை. பாதரசம் ஈசனோட உயிர்ச்சத்து என்று அவர் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதைக் கட்டி லிங்கம் பண்ணிப் பூஜை செய்கிறவர்கள் உண்டு. அதைக் கண்ணால் பார்ப்பதே புண்ணியம் என்பார் அவர். ஒரு சொட்டு கிடைக்காதா என்று மனுஷர்கள் தவிக்கும்போது, நம் கைக்கு ஒரு தொட்டி நிறையக் கொடுத்திருக்கிறான் என்றால் அது எந்த ஜென்மத்துப் பலன்?

காற்றில் வருகிற தூசியும் உப்பும் விழுந்து பாதரசத்தின் மேல் ஏடு மாதிரி கட்டும். ஏடு கட்டினால் கூண்டு சுற்றுவது மந்தமாகும். அப்போது தொட்டியைத் திறந்து பாதரசத்தை ஜாடிகளில் பிடித்து, வடிகட்டி, திரும்ப ஊற்ற வேண்டும். அதற்கு ஆபீசில் தோல் கிளவுசும், வடிகட்ட ஆட்டுத்தோலும் கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், கிளவுஸ் போடாமல் தொடக்கூடாது என்று ட்ரெயினிங்கிலும் சொல்லித்தான் அனுப்பினார்கள். குறை சொல்வதற்கு அவர்கள் பக்கம் ஒன்றுமில்லை.

ஆனால் எங்க வீட்டுக்காரர் மாமிசம் தொடாதவர். செத்த ஆட்டின் தோலில் ஈசனை வடிகட்டுவதா? தோலைக் கையில் மாட்டிக்கொண்டு சாமியைத் தொடுவதா? கிளவுசையும் ஆட்டுத்தோலையும் பழைய மருந்துக் கிடங்கில், வெள்ளைக்காரன் வெடிமருந்து வைத்திருந்த அறையில், ஒரு மூலையில் போட்டுவிட்டார். எங்க நைனாவிடம் சொல்லி நகரியிலிருந்து நெருக்கமாக நெய்த புதுத் துணி வரவழைத்தார். வடிகட்டுகிற நாளில் விடிகாலையில் தலைக்குக் குளிப்பார். விபூதி பூசுவார். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். காற்றில் தூசி விழும் என்று ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு, வெறுங்கையால், அந்தப் புதுத் துணியில் பாதரசத்தை ஊற்றிப் பிழிவார். துணியின் அடியில் முத்து முத்தாகத் துளிர்த்து விழும். நான் கீழே படியில் உட்கார்ந்து ஐந்தெழுத்து சொல்லிக்கொண்டிருப்பேன்.

அவர் இறங்கி வரும்போது முகம் ஒரு மாதிரி ஜொலிக்கும். நான் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

இப்படியே வருஷங்கள் போயின. மகள் பிறந்து, வளர்ந்து, படிக்க நகரிக்குப் போனாள். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் விரல் நுனியில் மட்டும். டம்ளரில் தண்ணீர் அலை அடிக்கும். அப்புறம் கண் இமை துடிக்கும், உதடு துடிக்கும். பூஜை செய்து கற்பூரத் தட்டை நீட்டும்போது தட்டு கிடுகிடுவென்று ஆடும். ஒரு நாள் குப்பத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு மோர் வாங்க வருகிறவள். என்னை வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். அவள் பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. இடுப்பில் பேரன், அவனுக்குக் காய்ச்சல். இவர் பூஜையிலிருந்து எழுந்து வந்து, நடுங்குகிற விரலால் அந்தக் குழந்தை நெற்றியில் விபூதி இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டு, "சரியா பூடும் போ" என்றார்.

அவள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "வதினா, அண்ணனுக்கு எத்தினி நாளா வருது?"

"இன்னாது?"

"தேவுடு. பாத்தேனே, கை நடுங்குது, கண்ணு துடிக்குது. எங்க ஊட்டு ஆம்பளைக்கும்தான் நடுங்குது, அது சாராயம். அது வேற மாதிரி. இது தேவுடு வதினா, சாமி."

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அதற்கப்புறம் கேட்கணுமா? குப்பமே வர ஆரம்பித்தது. புது வலைக்கு விபூதி, படகுக்கு விபூதி, பிள்ளை பெறப்போகிறவளுக்கு விபூதி. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டைச் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குறிப்பாக வடிகட்டுகிற நாளில் வருவார்கள். அன்றைக்குத்தான் சாமி அதிகம் என்று அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். இறங்கி வந்த கையோடு விபூதி கொடுப்பார். வெளுத்துப்போன மோதிரத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

அவருக்குத் தூக்கம் குறைந்தது. லைட்ஹவுஸ்காரனுக்குத் தூக்கம் எதற்கு என்றோம். ஈறு வீங்கி ரத்தம் வந்தது. விரதம் அதிகம், உடம்பு சூடு என்றோம். சாதாரணமாகக் கலகலவென்று பேசுகிறவர், ஆள் வந்தால் உள்ளே போய் ஒளிய ஆரம்பித்தார். ஸ்கூல் பிள்ளைகள் வந்தால் கதை சொல்ல மாட்டேன் என்றார். மௌனம் பிடிக்கிறார் என்றார்கள். குழம்பில் உப்பு கம்மி என்று தட்டைத் தூக்கி எறிந்தார் ஒரு நாள், அதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். நான் சிதறின சோற்றைப் பொறுக்கிக்கொண்டே, சாமி உக்கிரமாக இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வியாதி எத்தனை விதமாக வந்து சொல்லியது. ஒவ்வொரு தடவையும் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

மகள் அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லீவில் வந்தவள் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாம்பார் விரலிடுக்கில் வழிந்து வேட்டியில் கொட்டியது.

"நைனா, டாக்டர்கிட்ட போலாம்."

"டாக்டருக்கு இன்னா தெரியும்? இது அவன் குடுத்தது."

"அவன் குடுத்தா, துன்றதுக்குக் கூட உடாம குடுப்பானா?"

"வாய மூடு. பொட்டச்சி கம்பெனிக்குப் போனா சாமிய கேள்வி கேப்பியா?"

அவர் எழுந்து போய்விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "நீயும்தான் மா," என்றாள். "கும்புட்டுக்கினே இரு."

ஏழுமலையானைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அவரைத் திருப்பதிக்குக் கூட்டிப் போனோம். தரிசனம் ஆனதும் மகள் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்தாள். அவர் முறைத்தார், ஆனால் மலையிறங்கி வந்த மனசு, சண்டை போடவில்லை. டாக்டர் சின்ன வயசு. கையை நீட்டச் சொன்னார், ஒரு வட்டம் போடச் சொன்னார். அவர் போட்ட வட்டம் புழு மாதிரி நெளிந்தது. அப்போதுதான் டாக்டர் மோதிரத்தைப் பார்த்தார். "இது வெள்ளியா?" என்று கேட்டார்.

"தங்கம்தான்," என்று நான் பெருமையாகச் சொன்னேன். "எங்க கல்யாண மோதிரம்."

டாக்டர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்ன வேலை என்று கேட்டார். சிறுநீர் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். பாதரசம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போயிருக்கிறது. நடுக்கம், கோபம், கூச்சம், தூக்கமின்மை, ஈறு, எல்லாம் அதுதான். ஜன்னலை மூடிக்கொண்டு செய்தது ரொம்பத் தப்பு. இனி தொட்டால் மூளை போய்விடும். நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்ட் ரிசல்ட் பிற்பாடு வந்தபோது அதையேதான் சொன்னது.

மகள் அழுதாள். நான் அழவில்லை. தாலியை எடுத்துப் பார்த்தேன். ஒரு குண்டில் நகக்கண் அளவுக்கு வெள்ளை இருந்தது. எப்போது வந்ததோ.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றேன். மகளை ஸ்ரீ சிட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

பஸ் காளாஸ்திரி வழியாகத்தான் வரும். இறங்கிக் கோயிலுக்குப் போனோம். அங்கே கர்ப்பகிரகத்தில் காற்றே புகாத இடத்தில் ஒரு விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும், வாயு லிங்கம் மூச்சு விடுகிறது என்பார்கள். அவர் அந்த விளக்கைக் காட்டி என் காதில், "பாத்தியா, அவரும் நடுங்கறாரு" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனதையே மறந்துவிட்டார். நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் இத்தனை வருஷத்து ஈசனை நான் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் அடுத்த வடிகட்டுகிற நாளில் அவர் திரும்பவும் வெறுங்கையை உள்ளே விடுவார். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே, நீயே சொல்லிவிடு, என் வாயால் வேண்டாம் என்று கேட்டேன். விளக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

கூண்டு மந்தமாக ஓட ஆரம்பித்தது. பிரதோஷத்தன்று வடிகட்டலாம் என்றார். அன்று காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் மருந்துக் கிடங்குக்குப் போனேன். கிளவுஸ் தூசியும் பூச்சிக்கூடுமாக விறைத்துக் கிடந்தது. தட்டி, எண்ணெய் தடவி, பிசைந்து மிருதுவாக்கினேன். மாமிசம் சமைக்காத என் கையால் அதைச் செய்தேன். அவர் ஈர வேட்டியோடு வந்தபோது அதை முன்னால் வைத்தேன்.

"இன்னா மே இது?"

"போட்டுக்கங்க."

"தீட்டு. தூக்கி வெளிய போடு."

"சாமி இல்லீங்க அது," என்றேன். "வெஷம். டாக்டர் சொன்னாரு. கை நடுங்கறது அதுதான். தூக்கம் இல்லாதது அதுதான். அன்னிக்கு தட்டத் தூக்கி எறிஞ்சீங்களே, அதுவும் அதுதான். நீங்க இல்ல."

சிரித்தார். "சிவனே வெஷம் துன்னவன் தானே மே."

"அவன் சிவன். நீங்க எங்க வீட்டுக்காரர்." தாலியை எடுத்து அந்த வெள்ளையைக் காட்டினேன். "இதுலயும் வந்துகினு இருக்குது பாருங்க."

அதை விரலால் தொட வந்தவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து கிளவுசை எடுத்து மாட்டப் பார்த்தார். நடுக்கத்தில் விரல் உள்ளே போகவில்லை. ஒரு விரல் போனால் இன்னொன்று வெளியே வந்துவிடும். நான்தான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக உள்ளே விட்டேன், எங்கள் மகளுக்குச் சின்ன வயசில் சட்டைக் கை மாட்டின மாதிரி. முன்னால் மேலே ஏறிப் போய் விளக்கறை ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். காற்று உள்ளே வந்து அடித்தது. அவர் விபூதி பூசாமலே மேலே ஏறிப் போனார்.

அன்று வெளியே கோட்டை நிழலில் குப்பத்து ஜனம் பிள்ளைகளோடு காத்திருந்தது. அவர் இறங்கி, பின்பக்க வாசல் வழியாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்தான் வெளியே போய்ச் சொன்னேன், இனிமேல் விபூதி கிடையாது, அது சாமி இல்லை, வியாதி என்று. யாரும் நம்பவில்லை. மோர் வாங்குகிறவள் என் மேல் பாய்ந்தாள்.

"ஏம் வதினா, ஊட்டுக்கு வந்த தேவுட வியாதின்னு சொல்றியே, நாக்கு எப்படி வந்திச்சி? எம் பேரன் பொழைச்சானே, அது அபத்தமா?"

நான் திரும்பி வந்து, அவர் சாத்தின கதவைத் தட்டினேன்.

அதற்கப்புறம் கொஞ்ச வருஷம் கிளவுஸ் போட்டுத்தான் வேலை செய்தார். பிற்பாடு விளக்கையே மாற்றினார்கள். இப்போது மேலே இருப்பது கைக்கு அடக்கமான எல்ஈடி விளக்கு. சுற்ற வேண்டியதில்லை, தானாகவே விட்டு விட்டு எரியும். பாதரசத்தை ஆபீசிலிருந்து முகமூடி போட்டவர்கள் வந்து, இரும்பு ஜாடிகளில் அடைத்து, சீல் வைத்து எடுத்துப் போனார்கள். அவர் கிட்டே போகவில்லை. வேன் தோப்பைத் தாண்டுகிற வரைக்கும் பீரங்கி மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கும்பிடாவது போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். போடவில்லை. கண்ணாடிக் கூண்டைத் துடைத்துக் கீழே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

ரிடையர் ஆகி நகரிக்கே வந்துவிட்டோம். நடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. கோபம் போய்விட்டது. பழையபடி கேலி பேசுவார், சில நாள். டம்ளரில் பாதி அளவு ஊற்றினால் சிந்தாமல் குடிக்கிறார். ஆனால் நெற்றியில் விபூதி இல்லை. நான் விளக்கேற்றும்போது வெளியே போய்விடுவார். போன வருஷம் நாராயணவனத்தில் கல்யாண உற்சவத்துக்குக் கூட்டிப் போனேன். கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். நான் உள்ளே போய்ச் சாமி முன்னால் நின்று, இவரைத் திரும்ப உன்கிட்ட கூப்பிட்டுக்கோ, பிரித்தது நான்தானே என்று அழுதுவிட்டு வந்தேன்.

மோர் வாங்க வந்துகொண்டிருந்தவள் கோபமெல்லாம் மறந்து இப்போதும் எனக்கு எப்போதாவது போன் பண்ணுவாள். பேசி முடிக்கிற சமயத்தில் இவர் பக்கத்தில் வந்து, "பசங்கல்லாம் நல்லா இருக்குதுங்களான்னு கேளு" என்பார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். பழகின ஜனம், பாசம் என்று நினைத்திருந்தேன்.

சமீபத்தில் அவள் போன் வைத்ததும் என் மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன். "உங்க சாமிய நான் புடுங்கிட்டேன்னு கோவமா? சொல்லாமயே இருந்திருக்கணுமா?"

"நீ எங்க புடுங்கின," என்றார். "அவன் எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கறான். நான்தான் அவன் மூஞ்சில முழிக்க முடியல."

"ஏன்? தெரியாம தொட்டதுக்கா?"

"எங் கை போனா போவுது மே." கையைத் தூக்கி ஆட்டினார், அது தானாகவும் ஆடியது. "வடிகட்டிட்டு எறங்கி வந்து, கை கூடக் கழுவாம, எத்தினி கொழந்த வாயில போட்டேன். கழுவினா சாமி பூடும்னு கழுவாம போட்டேன்."

அந்த வரிசையை நான் தினம் பார்த்தவள். குழந்தைகளின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டவளே சில நாள் நான்தான். ஒரு தடவை கூட எனக்கு இது தோன்றவில்லை. இத்தனை வருஷமாக இவர் ஒரே வீட்டில் என் பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மகளுக்குப் போன் பண்ணினேன். அவள் அந்த டாக்டரையே விசாரித்துவிட்டுச் சொன்னாள், ஒரு சிட்டிகையில் எதுவும் ஆகியிருக்காது, நைனாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லு. சொன்னேன்.

"டாக்டர் வந்து அந்தக் கொழந்தைங்கள பாத்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் நேற்று நானே குப்பத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விபூதி வாங்கின பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். அவளுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். அவள் பேரன் நாயுடுபேட்டையில் செல்போன் கடையில் இருக்கிறான். அடுத்த வீட்டு இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மேற்கு வீதிப் பையன் படகுக்குப் போகிறான். கோணல் பல் பெண் கூடூரில் நர்சிங் படிக்கிறாள், மந்த புத்தி என்று எல்லாரும் சொன்னார்களே, அதுதான் முதல் மார்க் வாங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் இவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். மடக்கின விரல் நிற்காமல் விரியும், திரும்ப மடக்குவார்.

"எல்லாம் அண்ணன் போட்ட விபூதி வதினா," என்றாள் அவள். "நீதான் நம்பல."

இவர் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "அதுங்களுக்குக் கை நடுங்குதான்னு கேளு," என்றார்.

நான் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். கேட்க வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அவள், "வதினா, லைன்ல இருக்கியா? வதினா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.